தாய்வழிக் குடும்ப மரம் வரைவது எப்படி: மைட்டோகாண்ட்ரியா பரிசோதனைக்குப் போகும் குடும்பங்களுக்கு

"மைட்டோகாண்ட்ரியா கோளாறாக இருக்கலாம்" என்று நரம்பியல் மருத்துவர் சொல்லி, மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாரா? ரத்தம் கொடுப்பதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு பெரிய தாள், ஒரு பென்சில், ஓர் அழிப்பான் எடுத்துக்கொண்டு, குறைந்தது மூன்று தலைமுறைக்குக் குடும்ப மரத்தை வரையுங்கள். அம்மா வழியில் ஒருவர் விடாமல் வரையுங்கள்.

நான் சென்னையில் மரபியல் ஆலோசகராக வேலை செய்கிறேன். பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பும் வந்த பின்பும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் தொழில். பல ஆயிரம் ரூபாய் செலவழித்து எடுத்த பரிசோதனை "தெளிவான முடிவு இல்லை" என்று திரும்பி வந்து, பிறகு பாட்டி சொன்ன ஒரு வரியால் வழி திறந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த வரியை முதல் நாளிலேயே மருத்துவரின் மேசைக்குக் கொண்டுவருவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்மா வழிக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

நம் செல்களுக்குள் உணவையும் ஆக்சிஜனையும் கொண்டு ஆற்றலை உண்டாக்கும் உறுப்பு மைட்டோகாண்ட்ரியா. பள்ளிப் பாடத்தில் இழைமணி என்று படித்திருப்பீர்கள். அதற்குச் சொந்தமாக ஒரு சிறிய டி.என்.ஏ. உண்டு: 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். இந்த முழு வரிசையையும் முதன்முதலாகப் படித்து வெளியிட்டது கேம்பிரிட்ஜில் ஃபிரெட் சேங்கரின் ஆய்வுக்கூடம், ஆண்டு 1981. இந்த டி.என்.ஏ. தாயின் கருமுட்டை வழியாகவே பிள்ளைகளுக்கு வருகிறது. மகனுக்கும் மகளுக்கும் வரும். மகனிடமிருந்து அவனுடைய பிள்ளைகளுக்குப் போகாது.

ஆனால் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவையான புரதங்களில் 13 மட்டுமே இந்தச் சிறிய டி.என்.ஏ.விலிருந்து கிடைக்கின்றன. மற்றவை, ஆயிரத்துக்கும் மேல், செல்லின் உட்கருவில் உள்ள மரபணுக்களிலிருந்து வருகின்றன. அவை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வருபவை. ஆகவே "மைட்டோகாண்ட்ரியா நோய் என்றால் அம்மாவிடமிருந்து வந்தது" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். சிறு குழந்தைகளிடம் தெரியவரும் நோய்களில் பெரும்பாலானவை உட்கரு மரபணுக்களால் வருபவை. பெரியவர்களிடம் தெரியவருபவற்றில்தான் தாய்வழி டி.என்.ஏ.வின் பங்கு அதிகம். இரண்டில் எது என்பதற்கு முதல் துப்புக் கொடுப்பது நீங்கள் வரையப்போகும் மரம்.

வரைபடம் பரிசோதனையை முந்தியதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. இளம் வயதில் திடீரென்று பார்வை போகும் ஒரு நோயை 1871இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் தியோடோர் லேபர் விவரித்தார். தாய்மார்கள் வழியாக அது பரவுவதையும், ஆண்களை அதிகம் பாதிப்பதையும், பாதிக்கப்பட்ட ஆண்களின் பிள்ளைகளுக்குப் போகாததையும் குடும்ப வரைபடங்களே பல காலம் காட்டிக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் டக்ளஸ் வாலஸின் குழு 1988இல்தான் அதற்குக் காரணமான மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. மாற்றத்தைக் கண்டுபிடித்தது.

வரையத் தொடங்குவது

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோயுள்ளவர் என்றால் உள்ளே நிழலிடுங்கள். இறந்தவர் என்றால் குறுக்கே ஒரு கோடு. கருச்சிதைவுக்குச் சிறிய முக்கோணம். கணவன் மனைவியைப் படுக்கைக் கோட்டால் இணையுங்கள். அவர்கள் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் என்றால் அந்தக் கோட்டை இரட்டைக் கோடாக்குங்கள். யாருக்காகப் பரிசோதனைக்குப் போகிறீர்களோ அவரை ஓர் அம்புக்குறியால் காட்டுங்கள். உலகம் முழுவதும் மரபியல் மருத்துவர்கள் பயன்படுத்தும் குறிகள் இவை. இதை வைத்துக்கொண்டு நீங்கள் எந்த ஊர் மருத்துவமனைக்குப் போனாலும் பேச முடியும்.

தாளின் கீழ்ப்பகுதியில் நடுவே குழந்தையை வரைந்து, மேல்நோக்கிப் போங்கள். குழந்தையின் உடன்பிறந்தவர்கள், பிறகு அம்மா, அம்மாவின் உடன்பிறந்தவர்கள் (பெரியம்மா, சித்தி, தாய்மாமன்), அதற்கு மேல் அம்மாவின் அம்மா, அவருடைய உடன்பிறந்தவர்கள். பெரியம்மா, சித்தி ஆகியோரின் பிள்ளைகளை மறக்காமல் சேருங்கள். அவர்களும் அதே தாய்வழி டி.என்.ஏ.வைப் பெற்றவர்கள். தாய்மாமனுக்கும் அது உண்டு, ஆனால் அவருடைய பிள்ளைகளுக்கு வருவது அவர்களுடைய அம்மாவின் டி.என்.ஏ. ஆகவே மாமன் பிள்ளைகளை வரைந்தால் போதும், துருவ வேண்டாம். அப்பா வழியையும் இரண்டு தலைமுறை வரையுங்கள்.

ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் நான்கு விஷயம் எழுதுங்கள்: பெயரின் முதலெழுத்து, இப்போதைய வயது அல்லது இறந்த வயது, இருந்த நோய், அது தொடங்கிய வயது. வயது தெரியாவிட்டால் "கல்யாணத்துக்கு முன்", "எமர்ஜென்சி சமயத்தில்" என்று எழுதினாலும் நாங்கள் கணக்குப் போட்டுக்கொள்வோம். நோயின் பெயரை ஊகித்து எழுதாதீர்கள். வீட்டில் என்ன சொன்னார்களோ அதையே எழுதுங்கள். நம் பக்கத்தில் கைக்குழந்தையின் இறப்பை "மாந்தம்", "ஜன்னி", "தோஷம்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அப்படியே எழுதி, அன்று குழந்தை எப்படி இருந்தது என்று கேட்டு ஒரு வரி சேருங்கள்: காய்ச்சல் இருந்ததா, வலிப்பு வந்ததா, பால் குடிப்பதை எப்போது நிறுத்தியது, தலை நின்ற குழந்தையா. "மாந்தம்" என்ற ஒற்றைச் சொல்லால் எனக்கு ஒன்றும் தெரியாது. "ஏழு மாதத்தில் உட்கார்ந்தான், காய்ச்சல் வந்த பிறகு தலைகூட நிற்கவில்லை, பத்து மாதத்தில் போய்விட்டான்" என்றால் நிறையத் தெரியும்.

எதைக் கேட்பது

"நம் குடும்பத்தில் இப்படி யாருக்காவது இருந்ததா?" என்று கேட்டால் "அப்படியெல்லாம் யாருக்கும் இல்லை" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலில் பொய் இல்லை. இந்த நோய் ஒரே குடும்பத்தில் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு முகம் காட்டுவதால் வரும் பதில் அது. ஒரு செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் நூற்றுக்கணக்கான, சில செல்களில் ஆயிரக்கணக்கான பிரதிகள் இருக்கின்றன. அவற்றில் சில பழுதானவையாகவும் மற்றவை நல்லவையாகவும் இருக்கலாம். மூட்டை அரிசியில் கல் கலந்திருந்தால் ஒவ்வொரு படி அளக்கும்போதும் ஒரே எண்ணிக்கையில் கல் வருவதில்லை அல்லவா. அதுபோல ஒரே தாயின் கருமுட்டைகளிலும் பழுதின் அளவு மாறும். அதனால் பாட்டிக்குக் காது மந்தம், அம்மாவுக்குச் சர்க்கரை, பிள்ளைக்குப் பக்கவாதம் என்று மூன்று நோயாகத் தெரிவது உண்மையில் ஒன்றாக இருக்கலாம்.

ஆகவே நோயின் பெயரைக் கேட்காமல் உறுப்பு உறுப்பாகக் கேளுங்கள்.

காதிலிருந்து தொடங்குவது என் வழக்கம். யாருக்குக் காது கேட்காது, எந்த வயதில் தொடங்கியது, கருவி மாட்டியிருக்கிறார்களா? அறுபது வயதுக்கு மேல் வந்த மந்தத்தை விட முப்பதுகளில் வந்தது முக்கியம். காது கேட்காதவருக்கே சர்க்கரை நோயும் இருந்தால் இரட்டை அடிக்கோடு போடுங்கள். நம் ஊரில் சர்க்கரை இல்லாத வீடு அரிது. அதனால்தான் யாரும் அதைத் துப்பாக நினைப்பதில்லை. ஒல்லியான உடம்பு, நாற்பதுக்கு முன்பே சர்க்கரை, கூடவே காது மந்தம், அம்மாவுக்கும் அப்படியே என்றால் அது தாய்வழி வரும் ஒரு தனி வகையாக இருக்கலாம். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் 3243ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பது அதற்குப் பொதுவான காரணம். அதே மாற்றம் அதே குடும்பத்தில் இன்னொருவருக்கு இளவயதுப் பக்கவாதம் போன்ற தாக்குதலையும் வலிப்பையும் கொடுக்கலாம்.

அடுத்த கேள்விக்கான பதிலை யாரும் தாமாகச் சொல்வதில்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டும்: "ஊசி போட்ட பிறகு யாருக்காவது காது போனதா?" காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின், தொற்றுக்குப் போட்ட ஜென்டாமைசின், அமிக்காசின் ஆகியவை அதிக அளவில் யாருடைய காதையும் பாதிக்கக்கூடியவை. ஆனால் இதே டி.என்.ஏ.வின் 1555ஆம் இடத்தில் மாற்றமுள்ளவர்களுக்குச் சாதாரண அளவிலேயே நிரந்தரமாகக் கேட்கும் திறன் போய்விடலாம். பெரிய தாத்தா காசநோய்க்கு ஊசி போட்டுக்கொண்டதும் அதற்குப் பிறகு காது கேட்காமல் போனதும் வீட்டில் இரண்டு தனிக் கதைகளாகச் சொல்லப்பட்டிருக்கும். அந்த இரண்டையும் ஒரே வரியில் எழுதுவது உங்கள் வேலை. அந்தத் தாத்தா, அம்மா வழிப் பாட்டியின் உடன்பிறந்தவர் என்றால், அந்த ஒரு வரி உங்கள் வீட்டில் இனிப் பிறக்கும் குழந்தைகளின் காதைக் காப்பாற்றக்கூடும்.

கண்ணுக்கு வருவோம். தாய்மாமன்களில் யாராவது பதினைந்திலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள், வலியே இல்லாமல், முதலில் ஒரு கண், சில வாரங்களிலோ மாதங்களிலோ மறு கண் என்று பார்வை இழந்தாரா? கண் இமை தொங்கியவர்கள் யார்? இதற்குப் பழைய திருமண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். இருபது வயதில் பாட்டியின் இமை எப்படி இருந்தது, நாற்பதில் எப்படி, அறுபதில் எப்படி என்று வரிசையாகப் பார்த்தால் தெரியும். படத்தில் தலையைப் பின்னால் சாய்த்து, புருவத்தைத் தூக்கி நிற்பவரைக் கவனியுங்கள். பலர் அதை "அவர் எப்போதும் அப்படித்தான் பார்ப்பார்" என்று சொல்லிவிடுவார்கள். படங்களைத் தொலைபேசியில் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒரு புகைப்படம் என்னிடம் அரை மணி நேரப் பேச்சைவிட அதிகம் சொல்லும்.

பிறகு தலையும் உடம்பும். நாற்பது வயதுக்குள் பக்கவாதம், வாந்தியோடு வரும் கடும் ஒற்றைத் தலைவலி, வலிப்பு. மாடிப்படி ஏறினால் கால் சோர்ந்துவிடுபவர், பள்ளியில் ஓடவே மாட்டேன் என்றவர், உடன்பிறந்தவர்களில் தாம் மட்டும் குள்ளமாக இருப்பவர். இதயத் துடிப்புக்கு இளம் வயதில் பேஸ்மேக்கர் வைத்தவர். குடும்பத்தில் "சோம்பேறி" என்று பெயர் வாங்கிய ஒருவர் இருந்தால் அவரைப் பற்றித் தனியாக விசாரியுங்கள். உடல் ஒத்துழைக்காத ஒருவர் வாழ்நாள் முழுவதும் அந்தப் பட்டத்தைச் சுமந்திருக்கலாம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

யாரிடம், எப்படி

குடும்பத்தின் நினைவு பெரும்பாலும் ஒரு மூத்த பெண்ணிடம் இருக்கும். பாட்டியோ, பாட்டியின் தங்கையோ. அவரிடம் சபையில் கேட்காதீர்கள். மருமகள்கள், சம்பந்திகள் உட்கார்ந்திருக்கும்போது இறந்த குழந்தைகளைப் பற்றி அவர் பேச மாட்டார். மதிய உணவுக்குப் பிறகு தனியாக உட்கார்ந்து, "எத்தனை பிரசவம் பாட்டி?" என்று தொடங்குங்கள். "எத்தனை பிள்ளைகள்?" என்றால் உயிரோடு இருப்பவர்களை மட்டும் எண்ணுவார். பிரசவம் என்று கேட்டால் இறந்து பிறந்ததும், பத்து நாளில் போனதும், பெயர் வைப்பதற்குள் போனதும் எல்லாம் வரும்.

சொந்தத்தில் திருமணம் பற்றி ஒளிக்காதீர்கள். அக்காள் மகளை மணப்பதும், அத்தை மகன் மாமன் மகள் மணம் செய்வதும் நம் வழக்கம். அதற்காக என் அறையில் யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. நான் கேட்பதற்குக் காரணம் வேறு. உட்கரு மரபணுவில் ஒரே பழுது அப்பா, அம்மா இருவரிடமும் மறைவாக இருந்தால்தான் பல மைட்டோகாண்ட்ரியா நோய்கள் குழந்தைக்கு வருகின்றன. மாமனும் அக்காள் மகளும் தம் மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கையும், அத்தை, மாமன் பிள்ளைகள் எட்டில் ஒரு பங்கையும் சராசரியாகப் பகிர்ந்துகொள்பவர்கள். அத்தகைய பெற்றோரின் குழந்தைக்கு ஆய்வுக்கூடம் முதலில் எங்கே தேட வேண்டும் என்பதை அந்த இரட்டைக் கோடு சொல்லிவிடும். "தூரத்துச் சொந்தம்" என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பாட்டியும் எந்தத் தாத்தாவும் உடன்பிறந்தவர்கள் என்று கோடு போட்டுக் காட்டுங்கள். சொந்தமே இல்லாவிட்டாலும், இரு வீட்டாரும் ஒரே ஊர், ஒரே சமூகம் என்றால் அதையும் ஓரத்தில் குறியுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வரைந்து முடித்த மரம் ஒரு பெண்ணைக் குற்றம் சாட்டும் ஆவணமாக மாறுவதைப் பார்த்திருக்கிறேன். "உங்கள் வழியில்தான் வந்திருக்கிறது" என்று மாமியார் வீட்டில் சொல்லி, அந்தப் பெண் என் அறையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். தன் கருமுட்டைக்குள் எந்தப் பிரதி போக வேண்டும் என்று எந்தத் தாயும் தேர்ந்தெடுப்பதில்லை. கணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தாளும் பென்சிலும் உங்கள் கையில் இருக்கட்டும். மாமியாருக்குத் தொலைபேசியில் பேசி, கேள்விகளை நீங்கள் கேளுங்கள். அந்த ஒரு செயல் வீட்டின் பேச்சையே மாற்றும்.

குழந்தைக்கென்று தனித் தாள்

மரத்தோடு இன்னொரு தாள். அதில் குழந்தையின் காலவரிசை. தலை நின்றது, குப்புற விழுந்தது, உட்கார்ந்தது, நடந்தது, முதல் சொல் எல்லாவற்றுக்கும் மாதம். பிறகு, கற்றதை எப்போது இழந்தது என்பதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ, தடுப்பூசியோ, அறுவைச் சிகிச்சையோ, சாப்பிடாமல் இருந்ததோ இருந்தால் அதையும் எழுதுங்கள். லீ நோய் என்று அழைக்கப்படும் வகையில், ஓரளவு நன்றாக இருந்த குழந்தை ஒரு காய்ச்சலுக்குப் பிறகு பின்வாங்குவது அடிக்கடி காணப்படுகிறது. காய்ச்சலின்போது உடலின் ஆற்றல் தேவை ஏறுகிறது. பழுதான மைட்டோகாண்ட்ரியாவால் அதற்கு ஈடுகொடுக்க முடிவதில்லை.

எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுவராதீர்கள், சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். மூளையின் ஆழத்தில் இருபுறமும் சமமாகத் தெரியும் மாற்றங்களை நரம்பியல் மருத்துவர் தம் கண்ணால் பார்க்க வேண்டும். வலிப்பு, கண் அசைவு, நடை ஆகியவற்றின் காணொளிகள் இருந்தால் தேதியோடு தனிக் கோப்பில் வையுங்கள்.

லாக்டேட் பரிசோதனை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தவறான முடிவுகள் மிக எளிதாக வருகின்றன. மைட்டோகாண்ட்ரியா சரியாக வேலை செய்யாதபோது ரத்தத்தில் லாக்டேட் கூடும் என்பது உண்மை. ஆனால் கையை ரப்பரால் இறுக்கிக் கட்டி, அலறித் துடிக்கும் குழந்தையைப் பிடித்து வைத்து எடுத்தாலும் கூடும்; எடுத்த குழாய் வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தாலும் கூடும். ஒரு குடும்பம் மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் சுமந்த உயர்ந்த எண் ஒன்று, அமைதியாக, கட்டு இல்லாமல், பனிக்கட்டியில் வைத்து எடுத்தபோது இயல்பாக வந்தது. ஆகவே எடுக்கப்போகும்போதே சொல்லுங்கள்: குழந்தை அமைதியான பிறகு எடுங்கள், முடிந்தால் கட்டு வேண்டாம், குழாய் உடனே ஆய்வகத்துக்குப் போகட்டும். எடுத்தபோது குழந்தை அழுததா என்பதை அறிக்கையின் ஓரத்தில் எழுதிவையுங்கள். மறுபக்கம், லாக்டேட் இயல்பாக இருப்பதாலேயே நோய் இல்லை என்றும் ஆகாது.

பரிசோதனைச் சீட்டில் பார்க்க வேண்டியவை

மரத்தைப் பார்த்த மருத்துவர் எந்தப் பரிசோதனை என்று முடிவு செய்வார். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இதில் உட்கரு மரபணுக்கள் மட்டுமா, மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வும் சேர்த்தா?" எக்ஸோம் என்று எழுதியிருந்தால் அது முதன்மையாக உட்கரு மரபணுக்களைப் படிப்பது. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைத் தனியாகச் சேர்க்கச் சொன்னால்தான் சில ஆய்வகங்கள் சேர்க்கின்றன. உங்கள் மரத்தில் துப்புகள் தாய்வழியில் குவிந்திருந்தால் இந்தக் கேள்வியை விட்டுவிடவே கூடாது.

இன்னொரு கேள்வி, எந்தத் திசு என்பது. நான் மேலே சொன்ன 3243 மாற்றத்தின் அளவு வயது ஏற ஏற ரத்தத்தில் குறைந்துகொண்டே போகும். ஐம்பது வயது அம்மாவின் ரத்தத்தில் மிகக் குறைவாக, சில வேளைகளில் கண்ணுக்கே படாமல் போகலாம். அவருடைய சிறுநீரில் உதிரும் செல்களில் தெளிவாகத் தெரியலாம். அதனால் பெரியவர்களைச் சோதிக்கும்போது சிறுநீர் மாதிரியும் எடுக்கலாமா என்று கேளுங்கள். சில மாற்றங்களுக்குத் தசைத் திசு எடுத்தால் ஒழிய விடை கிடைக்காது. அது ஒரு சிறிய அறுவைச் சிகிச்சை; எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை.

முடிவு வர வாரங்கள் ஆகும். அதற்குள் கவனிக்க வேண்டியவை சில. குழந்தையின் எம்.ஆர்.ஐ. லீ நோய் போல இருந்தால், பயோட்டின், தயமின் என்ற இரண்டு வைட்டமின்களைத் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தயமினைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் மரபணு பழுதான ஒரு நோய் அச்சு அசலாக லீ நோய் போலவே தோன்றும். இந்த வைட்டமின்களைச் சீக்கிரம் கொடுத்தால் அந்தக் குழந்தைகள் தேறுகிறார்கள். அதனால்தான் பல மருத்துவர்கள் முடிவுக்குக் காத்திராமல் தொடங்கிவிடுகிறார்கள். கோஎன்சைம் க்யூ10 உடலில் உண்டாகாத சில வகைகளும் அப்படித்தான், மருந்துக்குக் கட்டுப்படக்கூடியவை. மைட்டோகாண்ட்ரியா நோய் என்றாலே ஒன்றும் செய்ய முடியாது என்று யார் சொன்னாலும் இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வலிப்புக்கு வால்ப்ரோயேட் கொடுத்துக்கொண்டிருந்தால் அதை மரத்தின் மேலேயே பெரிதாக எழுதுங்கள். பி.ஓ.எல்.ஜி. என்ற மரபணுவில் பழுதுள்ளவர்களுக்கு அந்த மருந்து கல்லீரலை ஆபத்தான அளவுக்குச் சேதப்படுத்தக்கூடும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கட்டுக்கடங்காமல் போகலாம். அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். அதேபோல, கோயில் விரதமானாலும் அறுவைச் சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் இருப்பதானாலும், நீண்ட நேரப் பட்டினி இந்தக் குழந்தைகளுக்கு ஆகாது. அறுவைச் சிகிச்சை என்றால் மயக்க மருந்து நிபுணரிடம் சந்தேகிக்கப்படும் நோயை முன்கூட்டியே சொல்லுங்கள். காய்ச்சலோ வாந்தியோ வந்தால் என்ன செய்ய வேண்டும், எப்போது குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் உள்ளூர் மருத்துவமனையில் முதல்முறையாக உங்கள் குழந்தையைப் பார்க்கும் இளம் மருத்துவருக்கு அந்தக் கடிதம் பெரிய துணை.

ஆராய்ச்சிக்கு மாதிரி கேட்டால்

வழக்கமான பரிசோதனையில் விடை கிடைக்காதபோது, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு மாதிரி அனுப்பச் சம்மதமா என்று கேட்பார்கள். ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. (செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம்) நம் நாட்டில் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் மையம். அந்தமான் பழங்குடிகளின் தோற்றத்தைத் தேடியதும் இதே டி.என்.ஏ.வைக் கொண்டுதான். இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் மைட்டோகாண்ட்ரியா ஆய்வு மையம் டக் டர்ன்புல் தலைமையில் வளர்ந்தது. ஆய்வுக்கூடமும் நோயாளிகளைப் பார்க்கும் கிளினிக்கும் சேர்ந்தே இயங்குவது அதன் பலம். பெரியவர்களில் ஏறக்குறைய 4,300 பேருக்கு ஒருவரிடம் நோய் உண்டாக்கும் மாற்றம் இருக்கிறது, அல்லது அவர் அதற்கான ஆபத்தில் இருக்கிறார் என்று அவர்கள் 2015இல் கணக்கிட்டார்கள். ஒரு வட்டாரத்தின் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து பார்த்ததால்தான் அந்தக் கணக்கு சாத்தியமானது. நீங்கள் வரைந்த மரம் போன்ற ஆயிரம் மரங்கள் சேர்ந்தால்தான் நம் பக்கத்துக்கும் ஒரு கணக்கு கிடைக்கும் என்பதால், முடிந்தவர்கள் சம்மதியுங்கள் என்றே நான் சொல்வேன்.

ஆனால் கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். மாதிரி எத்தனை காலம் வைக்கப்படும்? பெயர் நீக்கப்படுமா? ஏதாவது கண்டுபிடித்தால் எங்களுக்குச் சொல்வீர்களா, யார் மூலம்? பின்னாளில் சம்மதத்தைத் திரும்பப் பெறலாமா? சம்மதிக்காவிட்டாலும் சிகிச்சை குறையக் கூடாது. அதையும் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முடிவு வந்த பிறகு

மரத்தைத் திரும்பவும் விரித்து வைத்து, முடிவோடு பொருத்திப் பாருங்கள். உட்கரு மரபணுவில் மறைவாக வந்த வகை என்றால், அதே பெற்றோருக்கு ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அடுத்த கருவை ஆரம்ப வாரங்களிலேயே சோதிக்க வழி உண்டு. குழந்தையின் சித்தி அதே குடும்பத்தில் மணமுடிக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தால், அவர்கள் நிச்சயதார்த்தத்துக்கு முன் எங்களிடம் வரட்டும்.

தாய்வழி டி.என்.ஏ. மாற்றம் என்றால், மரத்தில் அம்மா வழிப் பெண்கள் அனைவரையும் ஒரு பச்சை மையால் குறியுங்கள். அம்மா, பெரியம்மா, சித்தி, அவர்களுடைய மகள்கள். இவர்களுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும். தாய்மாமனுக்கும் சொல்லுங்கள், அவர் தம் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டார், ஆனால் அவருடைய காதையும் சர்க்கரையையும் இதயத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தை பெறும் வயதில் இருப்பவர்களுக்கு என்னென்ன வழிகள் உண்டு என்பது மாற்றத்தின் வகையையும் அளவையும் பொறுத்தது. தாயின் உட்கருவை இன்னொரு பெண் தந்த கருமுட்டையின் நல்ல மைட்டோகாண்ட்ரியாவோடு சேர்க்கும் முறைக்கு பிரிட்டன் 2015இல் சட்டபூர்வ அனுமதி கொடுத்தது. நியூகாசிலில் அந்த முறையில் எட்டுக் குழந்தைகள் பிறந்திருப்பதாக 2025 ஜூலையில் அறிவித்தார்கள். தாயின் பழைய மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. சிறிதளவு அவர்களில் சிலரிடம் தென்பட்டதால், தொடர்ந்து கண்காணித்து வருகிறார்கள். செய்தித்தாளில் அதைப் படித்துவிட்டு என்னிடம் கேட்பவர்கள் பலர். அது அந்நாட்டின் கட்டுப்பாட்டு அமைப்பு ஒவ்வொரு குடும்பமாக ஆராய்ந்து அனுமதிக்கும் சிகிச்சை. உங்கள் குடும்பத்துக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் ஆலோசகரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

சொந்தக்காரர்களுக்குச் செய்தி சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் குழந்தையின் அம்மா தலையில் விழுகிறது. அதை வாட்ஸ்அப்பில் நீளமாக எழுத முயலாதீர்கள். குடும்பத்துக்கான கடிதம் ஒன்று எழுதித் தரச் சொல்லி ஆலோசகரிடம் கேளுங்கள். அதில் மாற்றத்தின் சரியான பெயர், யாரைச் சோதிக்க வேண்டும், எந்தத் திசுவில், எந்த மருந்துகளைத் தவிர்க்க வேண்டும், யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். குழந்தையின் பெயர் இருக்காது. சித்தி திருச்சியில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும், அந்தத் தாளை அங்குள்ள மருத்துவரிடம் நீட்டினால் சோதனையை நேராக அந்த ஒரு மாற்றத்திலிருந்தே தொடங்கலாம். செலவும் குறையும். மூல மரத்தை நீங்கள் வைத்துக்கொண்டு, படியை மட்டும் கொடுங்கள். புதிதாகக் குழந்தை பிறந்தாலோ, யாருக்காவது புது நோய் தெரிந்தாலோ பென்சிலால் சேர்த்து, தேதி போட்டு, அடுத்த முறை வரும்போது கொண்டுவாருங்கள்.